இறால் மீது ஒரு பழி

அத்தியாயம் 7

“யாருமே சாகாத கேஸுக்கு நாம எதுக்கு பாஸ்?” என்றான் டெஸ் வெல்லா, கழுத்தில் கடித்த மணல் ஈயை அடித்துக்கொண்டே. “களவு போனது என்ன? சேறு. பெல்டன் ஆத்தங்கரையில வந்து சேத்தைக் காணோம்னு புகார் குடுக்கறது, சர்க்கரை ஆலையில நின்னுக்கிட்டு எறும்பைக் காணோம்னு அழற மாதிரி.”

அவன் பாஸ் என்று அழைத்தது நெரிடா ஹாலரனை. ஐம்பது வயதைத் தாண்டியும் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத அந்தத் துப்பறியும் பெண்மணி, கடற்கரைக் கிளப்பின் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கூரையில் மின்விசிறி கிறீச்சிட்டது. வெளியே ஆற்றுக்குள் கடல் ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. தரையில் ஆள் நீளப் பிளாஸ்டிக் குழாய்கள் நீளவாக்கில் பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் பெல்டன் ஆற்றின் கரை, மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காக மண்ணாய்ப் படுத்திருந்தது.

நான்காம் குழாயின் மேல் மட்டும் சமையலறை பிளாஸ்டிக் உறை இறுக்கமாகப் போர்த்தியிருந்தது. அதன் அருகில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் மார்னி பெல்ஷா. பல்கலைக்கழகத்தில் மண்ணியல் சொல்லித்தருபவள். ஏழு மாத கர்ப்பிணி. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“திரும்ப ஒரு தடவை சொல்லு, மார்னி,” என்றாள் நெரிடா. “என் ஆளுக்குச் சேறுன்னா இளக்காரம்.”

நேற்றுக் காலை மாணவர்களோடு ஆற்றோர மேய்ச்சல் நிலத்தில் குழாய் இறக்கி மண் எடுத்தாள் மார்னி. அந்த நிலத்தில்தான் முதியோர் இல்லம் வரப்போகிறது. நான்காம் குழாயை வெளியே இழுத்தபோது, அதன் அடிவாயில் சிப்பித் துண்டுகளோடு வெள்ளை மணல் தெரிந்தது. கடல் மணல். அதாவது கடல் முன்பு மணல்மேட்டைத் தாண்டி அந்த நிலம்வரை வந்து போயிருக்கிறது. ஒருமுறை வழி கண்ட கடல் மறுபடியும் வரும். மாணவர்கள் ஐந்தாம் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அவள் ஒருத்திதான் பார்த்தாள். மூடி போட்டு, எண் எழுதி, கூடத்துக்குக் கொண்டுவந்தாள். சாயங்காலம், கட்டட அனுமதி தரவேண்டிய கவுன்சிலர் ஆஷ்பிக்குப் போன் செய்து சொல்லியும் விட்டாள்.

இன்று காலை கவுன்சிலர் முன்னிலையில் குழாயைப் பிளந்தால், மேலிருந்து கீழ்வரை வெறும் பழுப்புச் சேறு. மணல் என்று ஒரு சிட்டிகை இல்லை.

“கவுன்சிலரம்மா உறை போட்டு மூடிட்டாங்க,” என்றாள் மார்னி. “தான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மதியச் சாப்பாட்டுக்கு வருவாங்க. அதுக்குள்ள நான் ஒரு பதில் சொல்லலைன்னா, கட்டுக்கதை விட்டேன்னு பல்கலைக்கழகத்துக்கு எழுதுவாங்க. என் வேலை நிரந்தரமா இல்லையான்னு இந்த மாசம்தான் முடிவு பண்றாங்க. வேலையைக்கூட விடுங்க. நான் பார்த்ததை நானே சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டேன். அதுதான் தாங்கல.”

பேசிக்கொண்டே அவள் குனிந்து ஐந்தாம் குழாயிலிருந்து ஒரு துளி மண்ணைக் கிள்ளி, முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்தாள். டெஸ் ஓரடி பின்வாங்கினான்.

“அம்மா தாயே, பசிச்சா சமையலறையில ரொட்டி இருக்கு.”

“இது பழக்கம்,” என்றாள் மார்னி, லேசாகச் சிரித்து. “கையில தடவினா வண்டல் மண்ணும் களிமண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். பல்லுல வெச்சாத்தான் தெரியும். கரகரன்னா வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினா களி. மண்ணைப் படிச்சவங்க எல்லாருமே செய்வோம். யோசிச்சுச் செய்யறதில்ல, கை தானா வாய்க்குப் போயிடும்.”

“ஐந்தாம் நம்பர் வண்டல்தானே?” என்றது வாசலில் ஒரு பலவீனமான குரல்.

பேராசிரியர் ஆல்டன் க்ரீவ். மார்னியின் துறைத் தலைவர். நெடிய மனிதர் இன்று வில்லாக வளைந்து, வயிற்றில் ஒரு கையும் தேநீர்க் கோப்பையில் ஒரு கையுமாக நின்றார். முகம் வெளுத்துக் கிடந்தது.

“வண்டல்தான்,” என்றாள் மார்னி. “இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?”

“விடிஞ்சதுலேர்ந்து கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடக்கறேன். எல்லாம் நேத்து ராத்திரி போட்ட இறால்.” அவர் அவள் தோளைத் தொட்டார். “கவலைப்படாதே. கவுன்சிலர்கிட்ட நான் பேசறேன். வெயில்ல, களைப்புல, யாருக்கும் கண்ணு ஏமாத்தும்னு சொல்றேன்.”

ஆறுதல் என்றுதான் சொன்னார். ஆனால் மார்னியின் முகம் இன்னும் சுருங்கியது. சமையலறையில் ஒரு வாணலி தடாலென்று விழுந்தது, அல்லது வீசப்பட்டது. பேராசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குத் திரும்பினார்.

“நிஜக் குழாய் இந்நேரம் ஆத்தோட போயிருக்கும்,” என்றான் டெஸ்.

மார்னி அடிபட்டவள் போல நிமிர்ந்தாள். “அப்படிச் சொல்லாதீங்க. ஒரு குழாயைத் தூக்கி எறியறதா? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல பாலுக்கு இடமில்ல, வருஷக்கணக்கான சேறு இருக்கு. என் புருஷன் அதையெல்லாம் தாங்கிக்கிட்டுத்தான் குடும்பம் நடத்தறார்.”

நெரிடா நான்காம் குழாய் மேல் குனிந்து, உறை வழியாக அதன் மேல்முனையை உற்றுப் பார்த்தாள். “டெஸ், இங்க வா. நீ கரும்புக்காரன் பிள்ளை. இது என்ன?”

டெஸ் முழங்காலிட்டான். சேற்றுக்குள் மெல்லிய கறுப்புத் துணுக்குகள், தீய்ந்த காகிதம் போல. சின்ன வயதில் அம்மா காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளை நாசமாக்கியதற்காகச் சபித்த அதே துணுக்குகள்.

“கறுப்புப் பனி,” என்றான். “கரும்புச் சோகையை எரிக்கறப்ப பறந்து வர்ற சாம்பல். நேத்து சாயங்காலம் கிளப்புக்குப் பின்னாடி தோட்டத்துக்குத் தீ வெச்சாங்க. வர்ற வழியிலே பார்த்தோமே, இன்னும் புகையுதே.”

“மார்னி குழாய் எடுத்தது எப்போ?”

“காலையில... அட.”

“அடப் போடு!” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான் லாக்லன் ஸ்ட்ரேக். மேய்ச்சல் நிலத்தை வாங்கி முதியோர் இல்லம் கட்டவிருக்கும் ஏஜென்ட். இஸ்திரி போட்ட சட்டை, கணுக்கால்வரை சேறு அப்பிய பூட்ஸ். “காலையில பிளக்கறப்ப காத்துல பறந்து வந்து விழுந்திருக்கும், நண்பா. சாம்பலை வெச்சு என் முதியோர் இல்லத்தை எரிக்கப் பார்க்காதீங்க.”

“மேல விழுந்தது மேலதான் கிடக்கும்,” என்றாள் நெரிடா. “இது ஒரு விரல்கடை ஆழத்துல அமுங்கி இருக்கு. தரையில சாம்பல் கிடந்தப்போ, அதுக்கு மேல குழாயை வெச்சு அழுத்தியிருக்காங்க. உங்க பூட்ஸ்ல என்ன சேறு, மிஸ்டர் ஸ்ட்ரேக்?”

ஸ்ட்ரேக் சிரிப்பதை நிறுத்தினான். “இந்த ஊர்ல சேறு இல்லாத பூட்ஸ் ஒண்ணு காட்டுங்க.”

நெரிடா ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.

“நேத்து காத்து எந்தப் பக்கம்?”

“மேக்கேர்ந்து. புகை நேரா படகுத்துறைக்குத்தான் போயிருக்கும்,” என்றபடி பின்னால் ஓடினான் டெஸ். “பாஸ், கொஞ்சம் மெதுவா. ஸ்ட்ரேக்தான்னு ஊருக்கே தெரியுது. அவன் நிலம், அவன் லாபம், அவன் பூட்ஸ். பிடிச்சு உள்ள வெச்சிட்டுச் சாப்பிடப் போகலாம்.”

“ஊருக்கே தெரியறது எனக்கும் தெரியணும்னு சட்டமா? நட.”

படகுத்துறைக்குப் பக்கத்தில் கரை சரிந்து அலையாத்திப் புதருக்குள் இறங்கியது. புல்லின் மேலெல்லாம் கறுப்புப் பனி. சரிவின் முனையில் ஒரு தகரப் பலகை ஆற்றைப் பார்த்து நின்றது. கரையிலிருந்து பார்த்தால் அதன் துருப்பிடித்த முதுகுதான் தெரிந்தது. முதலை ஜாக்கிரதை என்று இருக்கும் என டெஸ் நினைத்துக்கொண்டான். அவன் கால் தானாக மெதுவானது.

“பாஸ், முதலைக்கு நான்தான் ருசின்னு ஒரு அபிப்பிராயம் உண்டு.”

“முதலைக்கும் ஒரு தரம் இருக்கும், டெஸ். அங்க பாரு.”

பலகைக்குக் கீழே, சேற்றில், அளந்து வெட்டியதுபோல ஒரு வட்டத் துளை. சரியாகக் குழாயின் அகலம். அதன் முன்னால் இரண்டு முழங்கால்கள் பதிந்த குழி. நேற்று இரவு ஓதம் இவ்வளவு உயரம் ஏறவில்லை. இன்றைய ஓதம் பெரியது. துளைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

“படம் எடு. சீக்கிரம்.”

டெஸ் போனை எடுத்துத் தண்ணீரில் இறங்கினான். சரியான கோணத்துக்காக இன்னும் ஓரடி. அந்த நேரம் பார்த்து நண்டுக்கூடை போடப் போன ஒரு தகரப் படகு, மோட்டார் உறும ஆற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அதன் அலை கரையில் மோதி ஏறியது. மறுநொடி, துளை இருந்த இடத்தில் வழுவழுப்பான சேறுதான் இருந்தது. முழங்கால் தடமும் போயே போச்சு.

டெஸ் படகைப் பார்த்து முஷ்டியை ஆட்டினான். பிறகு படகுக்காரனின் ஏழு தலைமுறையையும் வாழ்த்தினான். வாழ்த்தி முடித்துத் திரும்பியவன் கண்ணில் பலகையின் முகம் பட்டது.

“பாஸ்,” என்றான் மெதுவாக. “இது முதலைப் பலகை இல்ல.”

“என்ன எழுதியிருக்கு?”

“‘கழிவுநீர்க் கசிவு. நீந்தாதீர். இங்கே பிடித்த நண்டு, சிப்பி எதையும் உண்ணாதீர்.’” அவன் தன் முழங்காலைப் பார்த்தான். “கிளப்போட செப்டிக் டேங்க் இங்கதான் ஒழுகுது போல. நான் அதுல நிக்கறேன். முதலை எவ்வளவோ மேல்.”

நெரிடாவிடமிருந்து சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து கால் தரையில் பாவாத அந்த அம்மாள், ஆணி அடித்தது போல நின்றுகொண்டிருந்தாள். அவளோடு இத்தனை வருஷம் அலைந்ததில் டெஸ் ஒன்று தெரிந்து வைத்திருந்தான்: அவள் நின்றால், யாரோ ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

“தடயம் போச்சு பாஸ். யார்கிட்டப் போய்ச் சொல்றது?”

“சேத்துல இருந்த தடயம்தான் போச்சு. இன்னொரு தடயம் நடமாடுது,” என்றாள் நெரிடா. “நீ பிக்கப் வண்டியை எடுத்துக்கிட்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போ. மார்னியோட நாலாம் குழி பக்கத்துலேர்ந்து சுத்தமான மண் ஒரு பிடி கொண்டுவா. காலை நல்லாக் கழுவிட்டுப் போ. நான் சமையலறைக்குப் போறேன்.”

“இந்த நேரத்துல என்ன சாப்பாடு?”

“சாப்பிட இல்ல. ஒரு அம்மா வாணலியை எறிஞ்சாங்களே, ஏன்னு கேக்கணும்.”

டெஸ் மண்ணோடு திரும்பியபோது கவுன்சிலரின் கார் வந்து நின்றிருந்தது. கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கவுன்சிலர் ஆஷ்பி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரேக் சுவரில் சாய்ந்து நின்றான். பேராசிரியர் புதிதாக ஒரு கோப்பைத் தேநீரோடு மூலையில் இருந்தார். மாணவர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நெரிடா டெஸ்ஸின் கையிலிருந்ததை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதை அவன் ஒருவன்தான் பார்த்தான்.

“சொல்லுங்க மிஸ் ஹாலரன்,” என்றாள் கவுன்சிலர். “எனக்கு நேரமில்லை.”

“எனக்கும்தான். உறையை எடுக்கலாமா?”

கவுன்சிலர் தலையசைத்தாள். நெரிடா உறையை உரித்து, குழாயின் மேல் குனிந்து, கையில் ஓர் உருண்டை மண்ணோடு நிமிர்ந்தாள்.

“மார்னி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இது வண்டலா, களியா?”

மார்னி உருண்டையை வாங்கினாள். விரலால் ஒரு துளி கிள்ளினாள். அவள் சொன்னது போலவே, யோசனையே இல்லாமல் கை தானாக வாய்க்குப் போனது.

“வாயில வைக்காத, மார்னி!”

கோப்பை தரையில் விழுந்து சிதறியது. பேராசிரியர் க்ரீவ் எழுந்து, அந்தக் கூனலையும் மறந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“ஏன் சார்?” என்றாள் நெரிடா.

“அது... வயித்துல பிள்ளை இருக்கு. கண்ட மண்ணையும்...”

“காலையில இதே கூடத்துல ஐந்தாம் நம்பரைக் கடிச்சா. நீங்க வாசல்லதான் நின்னீங்க. வண்டல்தானேன்னு கேட்டீங்க. அப்ப பிள்ளை இல்லையா?”

பேராசிரியர் நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

“மேய்ச்சல் நிலத்து மண்ணைத் தின்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது,” என்றாள் நெரிடா. “படகுத்துறையில, கிளப்போட கழிவு கசியற இடத்து மண்ணைத் தின்னாத்தான் ஆகும். இந்தக் குழாய்ல இருக்கறது அந்த மண்ணுன்னு இந்தக் கூடத்துல தெரிஞ்சவங்க ரெண்டே தரப்புதான் இருக்க முடியும். துளையைக் கண்டுபிடிச்ச நாங்க ஒரு பக்கம். துளையைப் போட்டவர் இன்னொரு பக்கம்.”

“இறால்னாலதான் அவருக்கு...” என்று ஆரம்பித்தாள் கவுன்சிலர்.

“என் இறாலுக்கு என்ன கேடு?”

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள் பெரில். கிளப்பின் சமையல்காரி. கரண்டியைப் பேராசிரியர் பக்கம் நீட்டினாள். “இந்தப் பிள்ளைங்க அத்தனையும் தின்னுச்சு. தட்டை நக்காத குறை. ஒண்ணுக்காவது தும்மல் வந்துச்சா? இவரு இறாலைத் தொடவே இல்ல கண்ணு. தொட்டா முகம் வீங்கிடும்னு சொன்னாரு. இவருக்குன்னு தனியா முட்டை பொரிச்சுக் குடுத்தேன். காலையிலேர்ந்து ஊரெல்லாம் என் இறாலைத் திட்டிக்கிட்டுத் திரியறாரு.”

ஸ்ட்ரேக் சீட்டியடித்தான். டெஸ் அவனை ஏமாற்றத்தோடு பார்த்தான். அவ்வளவு அழகாகச் சேறு அப்பிய பூட்ஸ், வீணாகப் போய்விட்டது.

“சாப்பிட்ட எல்லாருக்கும் சுகம், சாப்பிடாதவருக்கு வயித்துப்போக்கு,” என்றாள் நெரிடா. “அப்ப அவர் வேற எதையோ வாயில வெச்சிருக்கார். இருட்டுல, அவசரத்துல, பதிலுக்கு வைக்க மணலே கலக்காத மண்ணு வேணும். மணல் இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்ப்பார்? ஸ்ட்ரேக்கா இருந்தா டார்ச் அடிச்சுப் பார்ப்பான். மண்ணைப் படிச்சவர் பல்லுல வெச்சுப் பார்ப்பார்.”

பேராசிரியர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இன்னும் பத்து வயது கூடியது போலத் தெரிந்தார்.

“பலகையோட முதுகைத்தான் பார்த்தேன்,” என்றார். “வயிறு பிடுங்க ஆரம்பிச்சப்புறம், விடியக்காலையில போய்த்தான் முகத்தைப் படிச்சேன்.”

“ஏன்?” என்று கேட்டாள் மார்னி. கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இந்தக் கரையில கடல் ஏறினதே இல்லைன்னு சொன்னவன் நான்தான். இந்த மாவட்டத்து வரைபடமே என் பேர்ல இருக்கு. அதை நம்பி வீடு கட்டியிருக்காங்க, பள்ளிக்கூடம் கட்டியிருக்காங்க. நேத்து நீ வந்து ‘சிப்பி பார்த்தேன்’னு சந்தோஷமாச் சொன்ன. எனக்கு ஒரு ராத்திரி வேணும்னு தோணுச்சு. யோசிக்க ஒரு ராத்திரி. அப்புறம் கவுன்சிலர்கிட்டயும் சொல்லிட்டேன்னு சொன்ன. யோசிக்க நேரமில்லாமப் போச்சு, குழாயை மாத்திட்டேன்.” அவர் தன் கைகளைப் பார்த்தார். “உன் வேலையைப் பத்தி நினைக்கவே இல்ல. நினைச்சிருக்கணும்.”

“அதை எறிஞ்சிடும்மா,” என்றார் பிறகு, அவள் கையிலிருந்த உருண்டையைக் காட்டி. “முதல்ல கையைக் கழுவு.”

டெஸ்ஸால் அடக்க முடியவில்லை. “இது நான் இப்பத்தான் மேய்ச்சல் நிலத்துலேர்ந்து கொண்டுவந்தது சார். தாராளமாத் தின்னலாம். நீங்க பேசாம இருந்திருந்தா நாங்கதான் முழிச்சிருப்போம்.”

பேராசிரியர் அவனை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நான் பேசாம இருந்திருப்பேன்னு நினைக்கறியா?”

டெஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“நிஜக் குழாய் எங்கே?” என்றாள் கவுன்சிலர். “அது இல்லாம நான் எதையும் நிறுத்த முடியாது. ஆத்துல போட்டுட்டீங்களா?”

“ஆத்துலயா?” அந்த நிலையிலும் பேராசிரியரின் குரலில் ஒரு வலி தெறித்தது. “என் கட்டிலுக்கு அடியில இருக்கு. ஈரத்துண்டு சுத்தி வெச்சிருக்கேன். காஞ்சா மண்ணு வெடிச்சுப்போயிடும்.”

நெரிடா டெஸ்ஸைப் பார்த்துக் கண்ணடித்தாள். “மார்னி காலையிலேயே சொன்னாளே. மண்ணைப் படிச்சவங்க பொய் சொல்வாங்க, திருடுவாங்க, குழாயை மட்டும் எறிய மாட்டாங்க.”

டெஸ் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். துண்டு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது; காலையில்கூட ஒருமுறை நனைத்திருக்கிறார். மார்னி தரையில் மண்டியிட்டு, வயிறு இடிக்க இடிக்கத் தானே பிளந்தாள். யாரையும் உதவிக்கு விடவில்லை.

அடியில் வெள்ளை மணல் இருந்தது. அதற்கு மேல் பழுப்புச் சேறு. அதற்கு மேல் இன்னொரு வெள்ளைப் பட்டை. அதற்கும் மேல், புல்வேருக்குக் கொஞ்சம் கீழே, மூன்றாவது.

“மூணு தடவை கடல் வந்திருக்கு,” என்றார் பேராசிரியர் மெதுவாக. அவர் எப்போது எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. “ஒண்ணுதான் இருக்கும்னு நினைச்சேன்.”

கவுன்சிலர் கைப்பையை மூடினாள். “மிஸ்டர் ஸ்ட்ரேக், உங்க முதியோர் இல்லத்துக்கு வேற இடம் பாருங்க. மார்னி, நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதறேன். வேற கடிதம்.”

மார்னி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேராசிரியரையும் பார்க்கவில்லை. மேல் பட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கடல் மணல் கரகரவென்று நொறுங்கும் சத்தம், ஜன்னலோரம் நின்ற கடைசி மாணவனுக்கும் கேட்டது.